வளர்ச்சிக் காரணி கலத்துக்கு வெளியே. நொதியத்தின் வேகம் உள்ளே மாறுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகத் தந்துவிடுகிறேன். வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கும் தங்கை கொழும்பில் உயிரிரசாயனம் படிக்கிறார். வளர்ச்சிக் காரணிகள் குருதிக்கலன்களின் கலங்களில் நொதியங்களின் தொழிற்பாட்டைக் கூட்டும் என்று விரிவுரைக் குறிப்பில் ஒரே வரியில் இருக்கிறதாம். காரணி கலத்துக்குள் போவதே இல்லை, பிறகு உள்ளே இருக்கும் நொதியத்தை அது எப்படி முடுக்கும் என்று கேட்கிறார். கூடவே இன்னொன்று: நீரிழிவால் அவருடைய அம்மாவின் விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது. கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். அது வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் மருந்து என்று சொன்னார்களாம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியான தொடர்பு. அம்மாவின் கண்ணுக்கு வருவதற்கு முன் அந்த ஒற்றை வரியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அது பிழையான வரியல்ல. ஆனால் இரண்டு வேறு நிகழ்ச்சிகளை ஒன்றாகச் சுருட்டிவிடுகிறது. தீபாவளிக்கு முன் புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்று வியாபாரத்தைப் பெருக்க விரும்பினால் புதிதாக ஆட்களை எடுக்கலாம், அல்லது இருக்கிற ஆட்களிடமே இரட்டிப்பு வேலை வாங்கலாம். கலம் இரண்டையும் செய்கிறது. நொதிய மூலக்கூறுகளின் தொகையைக் கூட்டுவதென்றால் பரம்பரையலகு படியெடுக்கப்பட்டுப் புரதம் தொகுக்கப்பட வேண்டும். அதற்கு மணிக்கணக்கு ஆகும். இருக்கும் மூலக்கூறை முடுக்கிவிட நிமிடங்கள் போதும். ஆகவே எந்த நொதியம், எந்த நேரத்தில், எந்த வழியில் என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும். ஒரே காரணி ஒரே கலத்தை முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு பக்கமும் மறுநாள் எதிர்ப் பக்கமும் இழுப்பது உண்டு. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நமது நாடி, நாளம், மயிர்க்குழாய் எல்லாவற்றின் உட்புறத்தையும் ஒரே படையாக மூடியிருப்பவை அகவணிக் கலங்கள். இவற்றின் மேல் வேலை செய்யும் காரணிகளில் மிக நன்றாக ஆராயப்பட்டது குருதிக்கலன் அகவணி வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக வி.ஈ.ஜி.எஃப். 1983இல் செங்கர், டுவோராக் முதலானோர் கட்டிகள் சுரக்கும் ஒரு புரதம் குருதிக்கலன்களைக் கசியவைக்கிறது என்று காட்டினார்கள். 1989இல் பெராராவின் குழு அகவணிக் கலங்களைப் பெருகவைக்கும் ஒரு புரதத்தைத் தனியே பிரித்தது. இரண்டும் ஒன்றே என்பது பிறகு தெரியவந்தது. கசிவும் பெருக்கமும் ஒரே மூலக்கூறின் வேலை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் கண்ணைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

இந்தக் காரணி இரண்டு அலகுகள் இணைந்த இரட்டைப் புரதம். கலத்தின் மென்சவ்வில் இருக்கும் இரண்டு வாங்கிகளை ஒரே நேரத்தில் பற்றி அருகருகே இழுக்கிறது. வாங்கியின் தலை வெளியே, வால் உள்ளே. அந்த வால்தான் தைரோசின் கைனேஸ் எனும் நொதியம். இரண்டு வால்களும் அருகில் வந்ததும் ஒன்றிலுள்ள தைரோசின் என்ற அமினோ அமிலத்தில் மற்றொன்று பொஸ்பேற்றை ஏற்றுகிறது; கைனேஸ்களின் வேலையே இப்படிப் பொஸ்பேற்று ஏற்றுவதுதான். முதற் கேள்விக்கு விடை இதுதான்: வளர்ச்சிக் காரணி முதலில் முடுக்கிவிடும் நொதியம் அதன் வாங்கியேதான். காரணி உள்ளே போக வேண்டிய தேவையே இல்லை.

பொஸ்பேற்று ஏறிய தைரோசின்களில் வேறு புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. பொஸ்போலிப்பேஸ் சி காமா என்ற நொதியம் ஒட்டியதும் மென்சவ்வின் கொழுப்பொன்றை வெட்டுகிறது. அதன் துண்டு ஒன்று கலத்தின் உட்களஞ்சியத்திலிருந்து கல்சியத்தை வெளியே விடச் செய்கிறது. இன்னொரு பக்கம் பி.ஐ.-3 கைனேஸ் விழித்து, அக்ட் என்ற கைனேஸை எழுப்புகிறது. கல்சியமும் அக்ட்டும் ஒரே நொதியத்திடம் வந்து சேர்கின்றன. அகவணி நைத்திரிக் ஒக்சைட்டு சிந்தேஸ் என்பது அதன் பெயர். ஆய்வுகூடங்களில் ஈநோஸ் என்றே சொல்வார்கள்; நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஈநோஸ் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து சிட்ருலினாக மாற்றி, நைத்திரிக் ஒக்சைட்டு வாயுவை விடுகிறது. அந்த வாயு சில செக்கன்களே நிலைக்கும். அதற்குள் பக்கத்திலுள்ள மழமழப்பான தசைக் கலங்களுக்குள் புகுந்து அங்குள்ள குவானிலேற் சைக்கிளேஸ் என்ற நொதியத்தைத் தூண்டிவிடுகிறது. தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, குருதியமுக்கம் இறங்குகிறது. அசற்றைல்கோலினைக் கொடுத்தாலும் அகவணி இல்லாவிட்டால் நாடி தளராது, அகவணி விடும் ஏதோவொரு பொருளே அதைத் தளர்த்துகிறது என்பதை 1980இல் பேர்ச்கொட் காட்டினார். அந்த மர்மப் பொருள் நைத்திரிக் ஒக்சைட்டுதான் என்பது 1987இல் நிறுவப்பட்டது. பேர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

வளர்ச்சிக் காரணி வந்ததும் ஈநோஸில் நடப்பவற்றை நான் மாணவர்களுக்குச் சொல்லும்போது வேண்டுமென்றே நிதானமாகச் சொல்வேன். ஓய்வில் இருக்கும்போது இது மென்சவ்வின் குழிகளில் கவியோலின் என்ற புரதத்தின் பிடியில் அடங்கிக் கிடக்கிறது. கல்சியம் ஏறியதும், கல்சியத்தைப் பற்றும் புரதமான கல்மொடியுலின் வந்து ஈநோஸைப் பற்றுகிறது. கவியோலினின் பிடி தளர்கிறது. அதே வேளை அக்ட் வந்து 1177ஆம் இடத்திலுள்ள செரீன் என்ற அமினோ அமிலத்தில் பொஸ்பேற்றை ஏற்றுகிறது. இதை 1999இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. கல்மொடியுலின் வந்து அமரும் இடத்திலேயே, 495ஆம் திரியோனினில், ஓய்வுக் காலத்தில் இன்னொரு பொஸ்பேற்று இடைஞ்சலாக இருக்கிறது. அது இப்போது அகற்றப்படுகிறது. ஆக, ஓர் இடத்தில் பொஸ்பேற்று ஏறுவதும் இன்னோர் இடத்தில் இறங்குவதும் சேர்ந்தே நொதியத்தை முடுக்குகின்றன. பொஸ்பேற்று ஏறினால் நொதியம் விழிக்கும் என்று மனப்பாடம் செய்துவைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். 1177இல் பொஸ்பேற்று ஏறிய ஈநோஸில் இலத்திரன்கள் விரைவாகப் பாய்கின்றன; கல்மொடியுலினும் எளிதில் கழன்று போவதில்லை. அதனால் கல்சியம் மீண்டும் தாழ்ந்த பின்னரும் வேலை தொடர்கிறது. இவ்வளவும் நடக்கும்போது ஈநோஸ் மூலக்கூறுகளின் தொகை ஒன்றுகூடக் கூடவில்லை.

இது எப்படித் தெரியும்? ஆய்வுகூடத்தில் செய்வதைச் சொல்கிறேன், அப்போதுதான் நம்பிக்கை வரும். தாயின் சம்மதத்தோடும் ஒழுக்கவியல் குழுவின் அனுமதியோடும் பிரசவத்துக்குப் பின் தொப்புள்கொடி பெறப்படுகிறது. அதன் ஒற்றை நாளத்துக்குள் குழாய் செருகி, குருதியைக் கழுவியெடுத்து, கொலாஜனேஸ் கரைசலை நிரப்பி, உடல் வெப்பநிலையில் சிறிது நேரம் வைக்க வேண்டும். அகவணிக் கலங்கள் கழன்று வரும். ஜெலற்றின் பூசிய குடுவையில் விட்டால் ஒட்டிக்கொண்டு பெருகி, சில நாட்களில் தரை முழுவதையும் பல்கோண வடிவில் இடைவெளியின்றி நிரப்பிவிடும். 1973இல் ஜாஃபியின் குழு இதை நிலைநாட்டியதிலிருந்து உலகெங்கும் இதே கலங்கள்தான் பயன்படுகின்றன. இவற்றை உயிரோடு காப்பது சிறு வேலையல்ல. 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின் வெட்டப்பட்ட காலத்தில் இந்நாட்டில் கல வளர்ப்பு செய்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கும்.

காரணியைச் சேர்ப்பதற்கு முன் வளர்ப்பூடகத்திலிருந்து சீரத்தைச் சில மணி நேரம் நீக்கிவிட வேண்டும். குருதி உறையும்போது குருதிச் சிறுதட்டுகள் விடுக்கும் வளர்ச்சிக் காரணிகள் சீரத்தில் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. அது இருந்தால் நீங்கள் சேர்த்ததன் விளைவு எது, சீரத்தின் விளைவு எது என்று பிரித்தறிய முடியாது. பிறகு வி.ஈ.ஜி.எஃப். சேர்த்து, இரண்டு, ஐந்து, பதினைந்து, முப்பது நிமிடங்களில் கலங்களைக் கரைத்து, புரதங்களை ஜெல்லில் பிரித்து, மென்றாளுக்கு மாற்றி, இரண்டு பிறபொருளெதிரிகளால் சோதிக்கிறோம். ஒன்று ஈநோஸ் முழுவதையும் பற்றும்; மற்றது 1177இல் பொஸ்பேற்று ஏறியதை மட்டும் பற்றும். முதலாவதில் எல்லா நேரங்களிலும் ஒரே தடிப்பான பட்டை. இரண்டாவதில் பூச்சிய நிமிடத்தில் மங்கலாக இருந்த பட்டை சில நிமிடங்களிலேயே கருக்கிறது. தொகை மாறாமல் தொழிற்பாடு மாறுவதை முதன்முதலாகக் கண்ணால் பார்க்கும் மாணவரின் முகம் மாறும். நான் இந்தத் தொழிலில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி மணிக்கணக்கில் நடப்பது. புதிய குழாய் முளைக்க வேண்டுமென்றால் அகவணிக் கலம் தன் அடியிலுள்ள கொலாஜன் படலத்தை அறுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். அதற்குப் புரதத்தை வெட்டும் நொதியங்கள் தேவை. எஃப்.ஜி.எஃப்.-2 என்ற காரணியைச் சேர்த்தால், சில மணி நேரத்தில் அகவணிக் கலம் யூரோகைனேஸ் என்ற நொதியத்தைக் கூடுதலாகச் செய்து வெளியே விடுகிறது. 1980களில் ரிஃப்கினின் குழு மாட்டு மயிர்க்குழாய்க் கலங்களில் இதை விரிவாக ஆராய்ந்தது. யூரோகைனேஸ், குருதியில் ஏராளமாக உள்ள பிளாஸ்மினோஜனை வெட்டிப் பிளாஸ்மின் ஆக்குகிறது. பிளாஸ்மின் பலவகைப் புரதங்களையும் வெட்டக்கூடியது. இந்த இடத்தில் முடுக்கப்பட்டது தொகைதான். படியெடுத்தலை நிறுத்தும் மருந்தைச் சேர்த்தால் இந்த விளைவு மறைந்துவிடும்.

தடையில்லாமல் விட்டால் பிளாஸ்மின் குழாயையே அரித்துவிடும். தடை எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ரி.ஜி.எஃப்.-பீற்றா என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி யூரோகைனேஸின் உற்பத்தியைக் குறைக்கிறது. யூரோகைனேஸைத் தடுக்கும் நிரோதியான பி.ஏ.ஐ.-1 என்ற புரதத்தின் உற்பத்தியைப் பெருக்குகிறது. ஆனால் இந்தக் காரணி கலங்களிலிருந்து வெளிவரும்போது செயலற்ற வடிவில்தான் வருகிறது. அதைச் செயலுள்ளதாக்குபவற்றில் ஒன்று பிளாஸ்மினேதான்! அகவணிக் கலங்களை மழமழப்பான தசைக் கலங்களோடு சேர்த்து வளர்த்தபோது இது நடப்பதை 1989இல் காட்டினார்கள். பிளாஸ்மின் கூடக்கூட, அதை அடக்கும் காரணியும் கூடுதலாக விழிக்கிறது, பி.ஏ.ஐ.-1 பெருகுகிறது, பிளாஸ்மின் தானாகவே அடங்குகிறது. குழாய் முளைக்கும் முனையில் வெட்டு நடந்துகொண்டிருக்க, தசைக் கலங்கள் வந்து போர்த்திய பகுதியில் அது நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்றும் கவனியுங்கள்: எஃப்.ஜி.எஃப்.-2 அகவணிக் கலத்தில் யூரோகைனேஸை மட்டுமல்ல, பி.ஏ.ஐ.-1ஐயும் ஓரளவு கூட்டுகிறது. ஆகவே நொதியத்தின் தொகையை மட்டும் அளந்துவிட்டுத் தொழிற்பாடு கூடியது என்று எழுதுவது ஆபத்து. நிரோதியையும் அளந்தாக வேண்டும்.

இதில் ஆய்வு மாணவர்கள் அடிக்கடி சிக்கும் இடம் ஒன்று உண்டு. ஜெலற்றின் கலந்த ஜெல்லில் புரதங்களை ஓடவிட்டு, நீலச் சாயமிட்டால், நொதியம் ஜெலற்றினைத் தின்ற இடம் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். சைமோகிராபி என்பார்கள். அழகான முறை. ஆனால் ஓடவிடப் பயன்படும் சவர்க்காரப் பொருள் நிரோதிகளை நொதியத்திலிருந்து கழற்றிவிடுகிறது. வெட்டப்படாத முன்னோடி நொதியத்தைக்கூட ஜெல்லுக்குள் செயற்படவைக்கிறது. எனவே அந்த வெள்ளைப் பட்டை நொதியம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, உயிருள்ள திசுவில் அது எவ்வளவு வேலை செய்தது என்பதைச் சொல்லாது. ஆய்வறிக்கைகளில் இந்த வேறுபாட்டைக் கவனியாமல் எழுதுவதை நான் எந்த நிலையிலும் ஏற்றுக்கொள்வதில்லை.

முன்னே சொன்ன எதிர்த் திசை இழுப்புக்கு உதாரணம் ஏ.சி.ஈ. என்ற நொதியம். அகவணிக் கலத்தின் மேற்பரப்பில் இருந்து அன்ஜியோரென்சின்-1ஐ அன்ஜியோரென்சின்-2 ஆக மாற்றி, குழாயைச் சுருங்கச் செய்வது இது. வீட்டில் யாராவது குருதியமுக்கத்துக்கு எனலாபிரில் மாத்திரை குடிக்கிறார்களா? அந்த மாத்திரை தடுப்பது இந்த நொதியத்தைத்தான். தொப்புள்கொடிக் கலங்களில் வி.ஈ.ஜி.எஃப். சேர்த்து ஏறக்குறைய ஒரு நாள் விட்டால் ஏ.சி.ஈ.யின் அளவு கூடுகிறது. முதல் நிமிடங்களில் ஈநோஸ் வழியாகக் குழாயை விரிக்கும் அதே காரணி, மறுநாள் குழாயைச் சுருக்கும் நொதியத்தைப் பெருக்குகிறது. எந்த நேரத்தில் அளந்தீர்கள் என்று கேட்காமல் எந்த முடிவையும் நம்பாதீர்கள்.

தசைக் கலங்களைப் பற்றி ஒரு சொல் மட்டும். அங்கே பி.டி.ஜி.எஃப். என்ற காரணி வந்தால் கலம் ஐதரசன் பேரொக்சைட்டைச் செய்கிறது. அது தைரோசினிலிருந்து பொஸ்பேற்றைக் கழற்றும் நொதியங்களைத் தற்காலிகமாக முடக்குகிறது. கலம் பேரொக்சைட்டைச் செய்கிறது என்பது 1995இல் காட்டப்பட்டது. ஒரு நொதியத்தை முடக்குவதன் மூலம் இன்னொன்றின் வேலையை நீட்டிக்கும் வழி.

இப்போது நீரிழிவு. இன்சுலினை நாம் ஓமோன் என்கிறோம், ஆனால் அதன் வாங்கியும் தைரோசின் கைனேஸ்தான். அகவணியில் அதுவும் அக்ட் வழியாகவே ஈநோஸை முடுக்குகிறது. இன்சுலினுக்குக் கலம் மசியாத நிலையில் இந்த அக்ட் வழி மழுங்கிவிடுகிறது. அதே வாங்கியிலிருந்து பிரிந்து கலப்பெருக்கத்தைத் தூண்டும் இன்னொரு வழியோ பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. குருதியில் குளுக்கோசு கூடியிருந்தால் இன்னொரு கேடு: குளுக்கோசிலிருந்து வரும் ஒரு சர்க்கரைக் கூட்டம் ஈநோஸில் அதே 1177ஆம் செரீனில் போய் அமர்ந்துவிடுகிறது. பொஸ்பேற்று ஏற வேண்டிய இடம் அடைபடுகிறது. 2001இல் பிரவுன்லீயின் குழு இதைக் காட்டியது. இவை போதாதென்று, நீரிழிவில் ஈநோஸுக்குத் துணையான ரெற்றாஹைட்ரோபயோப்ரெறின் குறைந்தால், நொதியம் ஓடும், ஆனால் நைத்திரிக் ஒக்சைட்டுக்குப் பதிலாகத் தீங்கான சுப்பரொக்சைட்டை உமிழும். வேகத்தை அளந்தால் குறையொன்றும் தெரியாது. விளைபொருளை அளந்தால்தான் நிலைமை புரியும்.

அம்மாவின் விழித்திரைக்கு வருகிறேன், தங்கச்சி. நீண்டகால நீரிழிவில் விழித்திரையின் மயிர்க்குழாய்கள் அடைபட்டு, ஒட்சிசன் போதாமல், அங்குள்ள கலங்கள் வி.ஈ.ஜி.எஃப்.ஐ மிகையாகச் சுரக்கின்றன. 1983இல் கண்ட அந்தக் கசிவு இங்கே நடக்கிறது. இந்தக் கசிவுக்கு ஈநோஸின் தொழிற்பாடும் ஒரு பங்களிக்கிறது. வாசிப்பதற்கும் முகங்களை அறிவதற்கும் வேண்டிய நடுப்பகுதியில் நீர் கோக்கிறது. போடும் ஊசி காரணியைப் பிடித்துக்கொள்ளும் புரதம்; வாங்கியைச் சேரவிடாது. போடும் மருந்து பிவசிசுமாப் என்றால் கண்ணுக்குள் போடுவது வழக்கமாக 1.25 மில்லிகிராம், ஒரு மில்லிலீற்றரின் இருபதில் ஒரு பங்கு. புற்றுநோய்க்கு இதே மருந்தை நாளத்தின் வழியே, உடல் நிறையின் கிலோகிராமுக்கு 5 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுக்கிறார்கள். அங்கே குருதியமுக்கம் ஏறுவது நன்கறிந்த பக்கவிளைவு. உடல் முழுவதும் காரணி தடுக்கப்பட்டால் ஈநோஸ் மந்தமாகிறது என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். கண்ணுக்குப் போடும் அளவு அவ்வளவு சிறியது என்பதால் அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஆனால் குருதியமுக்கமும் சர்க்கரையும் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஊசியின் பலன் நிலைக்காது. மாத்திரைகளை விடாமல் குடிக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு முன்பு மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் ஊசி போடும் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஊசிக்குப் பின் கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் உடனே போங்கள்.

காரணி தடுக்கப்பட்டால் என்னவாகும் என்பதற்கு இயற்கையே நடத்தும் சோதனையொன்றும் இருக்கிறது. பிறி-எக்லம்சியாவில் கர்ப்பிணியின் குருதியமுக்கம் ஏறுகிறது, பெரும்பாலும் சிறுநீரில் புரதம் போகிறது. 1879இல் தொடங்கிய டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனை உள்ள நகரத்தில் வாழும் நமக்கு இந்த நோயின் கடுமை புதிதல்ல. இந்நோயில் சூல்வித்தகம் வி.ஈ.ஜி.எஃப். வாங்கியின் வெளித் தலையை மட்டும் தனியே செய்து தாயின் குருதியில் கொட்டுகிறது என்று 2003இல் கண்டார்கள். அந்தத் தலைகள் காரணியைப் பிடித்துக்கொள்கின்றன. வால் இல்லாததால் எந்த நொதியமும் முடுக்கப்படுவதில்லை. அகவணி முழுவதும் பட்டினி கிடக்கிறது. பிரசவத்தோடு சூல்வித்தகம் வெளியேறியதும் பெரும்பாலான தாய்மாருக்கு நிலைமை மெல்லச் சீராகிறது.

உங்கள் ஒப்படைக்கு இந்த விடயத்தை எடுப்பதென்றால் ஒரு காரணியையும் ஒரு நொதியத்தையும் மட்டும் தெரிந்தெடுங்கள். வி.ஈ.ஜி.எஃப்.உம் ஈநோஸும் தொடங்குவதற்கு நல்ல இணை. நேரத்தைக் கிடை அச்சில் வைத்து மூன்று கோடுகள் வரையுங்கள்: நொதியத்தின் தொகை, 1177இல் பொஸ்பேற்று ஏறிய பங்கு, வெளிவரும் நைத்திரிக் ஒக்சைட்டு. மூன்றும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்காது. எங்கே பிரிகின்றன என்பதை விளக்க இரண்டு பக்கம் எழுதினால் போதும். அந்த இரண்டு பக்கத்தை வாசித்துக் கருத்துச் சொல்ல நான் ஆவலோடு இருக்கிறேன்.